கேட்கத் தெரிந்த மருத்துவர்

அடிவயிற்றில் வலிக்கிறது என்று ஒரு பெண் வாய்விட்டுச் சொல்வதற்கே நம் குடும்பங்களில் ஆண்டுக்கணக்கு ஆகிறது. சொன்ன பிறகும் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: ‘பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான்.’ தாய் மகளுக்கு அதைச் சொல்கிறாள். அவளுக்கு அவள் தாய் சொல்லியிருப்பாள். கன்னிப் பெண்ணாயின், ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்பார்கள். கல்யாணம் ஆனவளாயின், ‘ஒரு பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும்’ என்பார்கள். பிள்ளை பெற்றவளாயின், ‘ஆபரேஷன் செய்த உடம்பு, வலி இருக்கத்தான் செய்யும்’ என்று முடித்துவிடுவார்கள். இம்மூன்று வாக்குகளையும் வரிசையாக நம்பி, இருபது ஆண்டுகளை வலியோடு கழித்த தாய்மாரை நம் பங்கிலேயே அறிவோம்.

குருவானவருக்கு இவ்விஷயத்தில் என்ன வேலை என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். வேலை இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டது எதுவும் இப்பக்கத்தில் இடம்பெறாது; அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆனால் வீடு மந்திரிக்கச் செல்லும்போதும், திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும், ‘சாமி, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ என்று கேட்பவர்கள் பலர். என்ன நோய் என்று வினவினால் தலையைக் குனிந்துகொண்டு ‘வயிற்று வலி’ என்கிறார்கள். அதற்கு மேல் வார்த்தை வருவதில்லை. சற்றுத் துணிவுள்ளவர்கள், ‘நல்ல டாக்டர் யாராவது தெரியுமா, சாமி?’ என்று கேட்கிறார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி அனுப்புவது நமக்கு உகந்த பணியன்று. நல்ல மருத்துவரை எவ்வாறு இனங்கண்டுகொள்வது என்பதைச் சொல்லலாம்.

தொப்புளுக்குக் கீழே, இடுப்புக்கூட்டுக்குள் எழும் வலி ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதை நாட்பட்ட வலி என்று மருத்துவ உலகம் வகைப்படுத்துகிறது. அவ்விடத்தில் கருப்பை மட்டும் இல்லை. சூலகங்களும் கருக்குழாய்களும் உள்ளன. முன்னே சிறுநீர்ப்பை, பின்னே மலக்குடல், அடியில் இவற்றையெல்லாம் தொட்டிலைப்போல் தாங்கி நிற்கும் தசைகள், ஊடே ஓடும் நரம்புகள். இவற்றுள் எது நோயுற்றாலும் வலி ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தோன்றும். சில வேளைகளில் இரண்டு மூன்று ஒன்றாகவே நோயுறும். ஆகவே வலி என்றவுடன் கருப்பையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம், நோயாளியிடம் மட்டுமன்றிச் சில மருத்துவர்களிடமும் காணப்படும் அவசரமாகும்.

அடிக்கடி காணப்படும் ஒரு நோயைச் சொல்வோம். கருப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சவ்வைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே, சூலகத்தின் மீதோ குடலின் மீதோ வளர்ந்துவிடுவதுண்டு. மாதந்தோறும் அங்கும் அழற்சி ஏற்படுகிறது. நாளடைவில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. எண்டோமெட்ரியோசிஸ் என்று இதற்குப் பெயர். பிள்ளைப்பேற்றுக்குரிய வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோய் தொடங்கி அது இன்னதென்று கண்டறியப்படுவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன என்பது செல்வந்த நாடுகளிலும் உள்ள நிலை. மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்குச் செல்ல இயலாமல் சுருண்டு படுக்கும் பெண்பிள்ளைக்கு இந்நோய் இருக்கக்கூடும். அவளை ‘நடிக்கிறாள்’ என்று சொல்லும் அண்ணன்மாரும் இப்பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பது நம் ஆசை.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கலாகாது. காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. இருமலே இல்லாமல் கருக்குழாயிலும் கருப்பையிலும் அது குடிகொள்வதுண்டு. அடிவயிற்று வலியும் பிள்ளையின்மையும் அதன் விளைவுகள். கண்டுபிடித்துவிட்டால் அரசு மருந்தை இலவசமாகவே தருகிறது. காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்தால் குணமாக்கலாம் என்று 1950களின் இறுதியில் உலகுக்கு எடுத்துக்காட்டியது நம் சேத்துப்பட்டிலுள்ள ஆய்வு நிலையந்தான். எனினும், கண்டுபிடிக்க வேண்டுமாயின் மருத்துவருக்கு அந்த ஐயம் முதலில் தோன்ற வேண்டும்.

இனி, ஸ்கேன் பற்றி. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையில் ஆவடி முதல் திருநின்றவூர் வரை நடந்தால் ஸ்கேன் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்ற ஒரு வரி வந்தவுடன், ‘அப்படியானால் வலியும் இல்லை’ என்று வீட்டார் தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். இது தவறு. எண்டோமெட்ரியோசிஸின் பல வகைகள் சாதாரண ஸ்கேனில் தெரிவதில்லை. தசைப்பிடிப்பும் நரம்பு வலியும் எந்த ஸ்கேனிலும் தெரியா. படத்தில் தெரியாத வலியும் வலிதான் என்று சொல்லும் மருத்துவர் கிடைத்தால், தேடலில் பாதி முடிந்தது என்று கொள்ளலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணை நற்செய்தியில் நாம் அறிவோம். மருத்துவர் பலரிடம் சென்று அவள் மிகவும் துன்புற்றதையும், கையிலிருந்த பொருளையெல்லாம் செலவழித்ததையும், நிலைமை முன்னிலும் மோசமானதையும் மாற்கு ஒளிக்காமல் எழுதுகிறார். மருத்துவர் என்று மரபு கூறும் லூக்காஸ், தம் தொழிலாரைப் பற்றிய அந்த வரியைச் சற்று மென்மையாக்கிவிடுகிறார். படிக்கும்போதெல்லாம் நமக்குப் புன்னகை வரும் இடம் அது. ஆனால் நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறு. அன்று ஆண்டவர் அவசரமாகச் சென்றுகொண்டிருந்தார். யாயீரின் மகள் சாகுந்தறுவாயில் இருந்தாள்; கூட்டம் நெருக்கியது. குணம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆயினும் அவர் நின்றார். அவள் நடந்தது அனைத்தையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவளை முழுவதுமாகப் பேசவிட்டவர் அவராகத்தான் இருந்திருப்பார்.

நல்ல மருத்துவருக்கு முதல் அடையாளம் இதுவே. வலி எப்போது தொடங்கியது, மாதவிலக்கோடு கூடுகிறதா குறைகிறதா, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, முன்பு வயிற்றில் அறுவை நடந்ததா, தாம்பத்திய உறவு வேதனையாக இருக்கிறதா என்றெல்லாம் அவர் கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது மாமியாரையும் மற்றவர்களையும் வெளியே இருக்கச் சொல்லுவார். அக்கேள்வியை எந்த மருத்துவரும் கேளாததால் குலைந்த இல்லறங்கள் உண்டு. ‘என் மனைவி என்னை வெறுக்கிறாள்’ என்று நம்மிடம் வந்து முறையிட்ட கணவர் ஒருவர், வெறுப்பு அன்று, வலிதான் காரணம் என்று பல மாதங்கள் கழித்து மருத்துவர் வாயிலாக அறிந்துகொண்டார்.

அவர் தொட்டுப் பரிசோதிப்பார். ஆனால் அனுமதி கேட்டு, இன்னது செய்யப்போகிறேன் என்று சொல்லி, செவிலியை உடன் வைத்துக்கொண்டு செய்வார். மணமாகாத பெண்ணுக்கு உட்பரிசோதனை கட்டாயம் என்று வற்புறுத்தமாட்டார். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனே அவளுக்குப் போதிய தொடக்கம். தம் துறையில் காரணம் புலப்படாவிட்டால் சிறுநீர்த்துறைக்கோ குடல் நோய் மருத்துவரிடமோ அனுப்புவார். அடித்தளத் தசைகள் இறுகியிருந்தால் பிசியோதெரபி பயிற்சி எழுதித் தருவார். மனநல மருத்துவரிடம் போகச் சொன்னாலும் சினம் கொள்ளாதீர்கள். நெடுநாள் வலி மனத்தையும் தூக்கத்தையும் அரித்துவிடுகிறது. அதற்கும் வைத்தியம் வேண்டும். ஆனால் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்லி வாசலைக் காட்டுபவரிடம் மறுமுறை செல்லத் தேவையில்லை. ஒரே மாதத்தில் குணம் என்று வாக்களிப்பவரையும் நாம் நம்புவதில்லை. வலி படிப்படியாகக் குறையும், சிலருக்கு முற்றிலும் நீங்காமலும் போகலாம், மீண்டும் வந்து பாருங்கள் என்று சொல்பவர் மேலானவர்.

இவ்விடத்தில் சற்று நின்று பேச வேண்டிய செய்தி ஒன்றுண்டு. முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் வலி என்று சென்றவுடன், முதல் சந்திப்பிலேயே ‘கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், பிள்ளைகள்தான் பிறந்துவிட்டார்களே’ என்று சொல்லும் வழக்கம் நாடெங்கும் பரவியிருக்கிறது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு மூவருக்கு மேல் கருப்பையை இழந்திருக்கிறார்கள். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 35 வயது நிறைவதற்கு முன்பே அவ்வறுவை நடந்துவிட்டது. மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மராட்டிய மாநிலத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏறத்தாழ 82 ஆயிரம் பேரிடம் 2019இல் விசாரித்தபோது, 13 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கருப்பை இல்லாதிருந்தனர். பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றி இவ்வறுவை செய்யப்பட்டதை எதிர்த்து 2013இல் வழக்குத் தொடரப்பட்டது. 2023 ஏப்ரல் 5ஆம் நாள், தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் எல்லா மாநிலங்களும் செயற்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

கருப்பையை நீக்குவது எப்போதும் தவறு என்று நாம் சொல்லவில்லை. புற்றுநோயிலும், மருந்துக்கு அடங்காத உதிரப்போக்கிலும் அது உயிர்காக்கும் சிகிச்சை. ஆனால் வலி குடலிலிருந்தோ தசையிலிருந்தோ வருமாயின், கருப்பை போன பிறகும் வலி போவதில்லை. சூலகங்களையும் சேர்த்தே எடுத்துவிட்டால் இளம் வயதிலேயே மாதவிடாய் நின்று, எலும்பு தேய்ந்து, இருதயத்துக்கும் கேடு நெருங்குகிறது. ஆகவே அறுவை என்ற சொல் எழுந்தவுடன் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: நோயின் பெயர் என்ன? மருந்தால் முயன்று பார்க்க இயலாதா? சூலகங்களையும் எடுப்பீர்களா? இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டு வருகிறோம் என்றால், நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார். ரிப்போர்ட்டுகளைத் தாமே கையில் எடுத்துக் கொடுப்பார்.

அடுத்தது மாத்திரை. எண்டோமெட்ரியோசிஸ் போன்ற நோய்களுக்கு மருத்துவர் பலவேளை ஹார்மோன் மாத்திரை எழுதுகிறார். மருந்துக் கடையில் அது ‘கருத்தடை மாத்திரை’ என்று தெரியவந்ததும், பக்தியுள்ள நம் பெண்கள் சிலர் அதைக் குப்பையில் போட்டுவிட்டு வலியைச் சுமக்கிறார்கள். அவர்களுக்காகவே இதைத் தெளிவாக எழுதுகிறோம். நோயைக் குணப்படுத்துவதற்காக எடுக்கும் மருந்து, பக்க விளைவாகக் கருத்தரிப்பைத் தடுத்தாலும், அத்தடையே நோக்கமாக இல்லாதவரை அது பாவமன்று. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1958 செப்டம்பரிலேயே இதை விளக்கினார். கருத்தடையைக் கண்டித்த அதே ‘உமானே வீத்தே’ சுற்றுமடலின் 15ஆம் பத்தியில், 1968 ஜூலை 25இல், பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இதை மீண்டும் உறுதிசெய்தார். அம்மடலை மேற்கோள் காட்டுவோர் பலர் அந்தப் பத்தி வரை படிப்பதில்லை போலும்.

வலியைச் சிலுவையாகச் சுமப்பதே புண்ணியம், மருந்து தேடுவது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோரும் உளர். வலியைத் தணிக்கும் மருந்தை நாடுவது முறையே என்று 1957 பிப்ரவரி 24ஆம் நாள் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் பன்னிரண்டாம் பத்திநாதரே கூறிவிட்டார். தன் வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுப்பது ஒரு பெண் தானே விரும்பிச் செய்யும் செயல். கணவனோ மாமியாரோ அவள் தலையில் ஏற்றிவைக்கும் கடமையன்று அது.

பெண் மருத்துவரிடம் மட்டுமே போவேன் என்று சொல்பவர்களைக் கேலி செய்யக்கூடாது. அக்கூச்சத்திற்கு மதிப்பளித்தே நம் சென்னையில் ஒரு வரலாறு பிறந்தது. இந்நகரில் வழக்கறிஞராயிருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துப் பெண்கள் வீட்டுக்குள்ளேயே மடிவதைக் கேட்டு மனம் வருந்தினார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவு திறந்தபோது முதலில் நுழைந்த நால்வருள் அவரும் ஒருவர். இலண்டனில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி, கோஷா பெண்களுக்கென 1885இல் அவர் முன்னின்று தொடங்கிய மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது.

திருச்சபை இவ்விஷயத்தில் விரைந்து நடந்ததாகச் சொல்ல இயலாது. கன்னியர் மருத்துவராகப் பணியாற்றவும் பேறுகாலம் பார்க்கவும் நெடுங்காலம் தடை இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு 1920இல் வந்து கன்னியர் சபையில் சேர்ந்தபோது, மருத்துவத்தைத் தொடரப் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பரின் தனி அனுமதி வேண்டியிருந்தது. பொதுவான தடை 1936இல்தான் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் கூச்சத்தாலும் சட்டத்தாலும் எத்தனை பெண்கள் வைத்தியமின்றி மடிந்தார்களோ, ஆண்டவரே அறிவார். ஆயினும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பெண் மருத்துவர் என்பதற்காகவே ஒருவர் பொறுமையாகக் கேட்பார் என்பதில்லை, ஆண் மருத்துவருள்ளும் தாயுள்ளம் படைத்தோர் உண்டு.

பட்டாபிராமில் இருப்பவர்கள் எங்கே செல்வது? அருகிலுள்ள மகப்பேறு மருத்துவரிடமே தொடங்கலாம். மேற்சொன்ன அடையாளங்கள் அவரிடம் இருந்தால் தொலைவு போகத் தேவையில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் குடும்பத்தாரில் பலர் ஈ.எஸ்.ஐ. அட்டையை அலமாரியில் வைத்துவிட்டுத் தனியாரிடம் கடன்படுகிறார்கள், அயனாவரத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. இரயில்வே ஊழியர் குடும்பத்தாருக்குப் பெரம்பூர் இருக்கிறது. எவ்வித அட்டையும் இல்லாதவர்க்கு ஆவடி அரசு மருத்துவமனை. மேற்கே சென்றால், 2022இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி. கிழக்கே சென்றால், 1844இல் தொடங்கி இன்றளவும் பெண்களுக்கென்றே நடைபெறும் எழும்பூர் அரசு மருத்துவமனை. மூன்றும் மின்சார இரயிலில் எட்டும் தூரமே. எழும்பூரில் கூட்டம் மிகுதி, காத்திருப்பு நெடிது, சில சமயம் பேச்சும் கடுமை, மறைப்பதற்கில்லை. ஆனால் அரிய நோய்களையும் நாள்தோறும் பார்த்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன.

சில அறிகுறிகளுக்கு மட்டும் இந்தத் தேடலெல்லாம் பொருந்தாது. நாள் தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீரென்று கடும் வலியும் மயக்கமும் வந்தாலோ, வலியோடு குளிர்காய்ச்சல் கண்டாலோ, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாதவிடாய் முற்றும் நின்றபின் உதிரம் பட்டாலும், சிறுநீரில் இரத்தம் கலந்தாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும் அந்த வாரத்திலேயே காட்ட வேண்டும்.

மற்றவர்கள் புறப்படுமுன் ஒரு வேலை செய்யலாம். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, இரண்டு மாதங்களுக்கு நாள்தோறும் ஒரு வரி எழுதுங்கள்: வலி இருந்ததா, எவ்வளவு, மாதவிலக்கா, என்ன மாத்திரை போட்டீர்கள், அன்று எந்த வேலையைச் செய்ய முடியவில்லை. எழுதத் தெரியாத தாய்க்கு மகள் எழுதட்டும். மகன் எழுதினாலும் குறைவில்லை. மருத்துவர் முன் அமர்ந்ததும் கண்ணீர் முந்திக்கொண்டு வார்த்தை பின்தங்கும்போது, அந்த நோட்டு பேசும். பழைய ஸ்கேன்கள், அறுவைச் சீட்டுகள் யாவும் ஒரே உறையில் இருக்கட்டும்.

தனியே போகாதீர்கள். கணவர் ஒருநாள் விடுப்பெடுத்து உடன் செல்வது பெரிய தியாகமொன்றும் அன்று. மருத்துவர் சொல்வதை அவரும் கேட்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். துணைக்கு ஆளில்லாதவர்கள் மரியாயின் சேனைச் சகோதரிகளிடம் சொல்லலாம். காரணத்தை விளக்க வேண்டியதில்லை, ‘மருத்துவமனைக்குத் துணை வேண்டும்’ என்றால் போதும். வழிச்செலவுக்கு வின்சென்ட் தே பவுல் சபையார் உதவுவார்கள். அரசு மருத்துவமனைகளில் வெளிநோயாளிச் சீட்டு காலையில்தான் தருவார்கள்; ஆகவே விடிந்ததும் சைடிங்கிலிருந்தோ பட்டாபிராம் நிலையத்திலிருந்தோ வண்டியேறிவிடுவது நல்லது. வெறும் வயிற்றோடு போகாமல், இரண்டு இட்லியும் தண்ணீரும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று தரும் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்த முறை எந்த மருத்துவர் பார்த்தாலும், முன்னவர் எழுதியதைப் பார்த்துத்தான் மேலே தொடர்வார்.